நாலு சக்கரமும் ஓட வேண்டும்

அரசாங்கம் ஒன்றைச் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாவிட்டால் ஒரு கோப்பாவது இருக்கும். தூத்துக்குடியில் உள்ள ‘கடலோர மணல்சார் கலன்கள் நேர்முகப் பார்வை அலுவலகம்’ அப்படிக் கோப்பில் பிறந்த குழந்தை. அதன் வேலை ரொம்பச் சுலபம். யாராவது புது வள்ளம் வாங்கினால், அதிகாரி கரைக்கு நேரில் போய் அது வள்ளம்தானா என்று பார்க்க வேண்டும். வள்ளம்தான் என்றால் நம்பர் கொடுக்க வேண்டும். நம்பர் இல்லாத வள்ளம் கடலில் இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

கரை என்றால் மணல். மணலில் சாதா வண்டி புதையும். ஆகவே நாலு சக்கரமும் சேர்ந்து உந்துகிற ஜீப் ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ‘கடற்கரை மணலில் நடைபெறும் பார்வைகள் அனைத்தும், நான்கு சக்கரங்களும் ஒருசேர இயங்கும் வாகனத்தில் சென்றே நடத்தப்பட வேண்டும்.’

அப்போது ஊர் முழுக்க அந்த வண்டிக் காய்ச்சல்தான். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாரெல்லாம் அதே மாதிரி வண்டி வாங்கி, வீட்டிலிருந்து அடுத்த தெருவிலிருக்கும் கடைக்கு நாலு சக்கரமும் உந்த உந்தப் போய்க்கொண்டிருந்தார்கள். மலை ஏறும் வண்டி என்று விளம்பரம். தூத்துக்குடியில் மலை என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்புதான். அதில் யாரும் வண்டி ஏற்றியதாகத் தெரியவில்லை.

அதிகாரி மகாராஜன் தங்கமான மனுஷர். அரசாங்க வண்டியை மணலில் விட்டுக் கெடுக்க அவருக்கு மனசு வராது. ஏரல் சந்தைக்கு வாழைக்காய் வாங்கப் போவார், குலசேகரன்பட்டினத்துக்குத் தசரா பார்க்கப் போவார், மாமனார் வீட்டுக்குச் சும்மா போவார். மிச்ச நேரத்தில் கரைக்கும் போவார். இப்படி ஓடி ஓடி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்பக்கத்துச் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள இரும்புத் தண்டு தேய்ந்துபோயிற்று. மெக்கானிக் பாஷையில் அதற்கு ஷாஃப்ட் என்று பெயர்.

டிரைவர் மந்திரமூர்த்தி வண்டியை சிவப்பிரகாஷ் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அதுவும் முன்னைப்போல் ஒர்க்‌ஷாப் இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி ரூம், காபி மெஷின், ஒரு கம்ப்யூட்டர் என்று ஆளே மாறியிருந்தது.

“ஏலே சிவப்பிரகாசு, அடியில கடக்கு கடக்குன்னு அடிக்கு. கேக்கியா?”

“கேக்கு அண்ணாச்சி. ஆனா கம்ப்யூட்டர்ல எர்ரர் வரலியே.”

“இரும்புத் தண்டுக்கு ஏதுல எர்ரர்? அதுக்குள்ள வயரா ஓடுது?”

“வயர் இல்லாதது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியாததுக்கு நான் என்னன்னு பில் போட? ஏசியில உக்காந்து காபி குடிச்சிட்டுப் போங்க.”

மந்திரமூர்த்தி காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். வாசலில் இருந்த ஸ்பீடு பிரேக்கரில் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழுந்தது. சிவப்பிரகாஷ் ஓடிவந்து குனிந்து பார்த்தான்.

“இப்பம் தெரியுது அண்ணாச்சி. இது ஷாஃப்ட்டுதான்.”

ஷாஃப்ட் இல்லாமலும் ஜீப் முன்சக்கரத்தில் ஓடத்தான் செய்தது. அலுவலகத்துக்கே ஓடிவந்து சேர்ந்துவிட்டது. மகாராஜன் புது ஷாஃப்ட் கேட்டு எழுதினார். பழையது தேய்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. அத்தாட்சி எப்படிப் பெறுவது என்று கேட்டார். ஒரு புது ஷாஃப்ட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துப் பெறலாம் என்று பதில் வந்தது. புது ஷாஃப்ட் இல்லையே என்று எழுதினார். அத்தாட்சியோடு விண்ணப்பித்தால் அனுப்பப்படும் என்றார்கள். இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எல்லாப் பதிலும் சரியான பதில்.

இந்த நேரம் பார்த்துத்தான் புன்னைக்காயல் டெல்பின் வந்து நின்றாள். அவள் புருஷன் ஹென்றி பழைய வள்ளத்தை விற்று, நகையையும் விற்று, புது பைபர் வள்ளம் வாங்கியிருந்தான். சீலா மீன் படுகிற காலம். ஊரே கடலில் கிடக்க, ஹென்றி மட்டும் வீட்டில் கிடந்தான். சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. குசினிக்குள் வந்து குழம்புக்குப் புளி கூட என்பான், அரிசியைக் களையத் தெரியவில்லை என்பான்.

“சார், இன்னும் கொஞ்ச நாள் அந்த மனுசன் கரையில கெடந்தா ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சீலாவும் போயிட்டா வருசம் பூரா பட்டினிதான். வந்து பாத்து ஒரு நம்பர் குடுங்க.”

“வண்டிக்கு ஷாஃப்ட் இல்லம்மா.”

“முன்சக்கரத்துலயே ஓடுதாமே, டிரைவர் அண்ணாச்சி சொல்லுதாரு.”

மகாராஜன் பொறுமையாக விளக்கினார். “ரெண்டு சக்கரம் ஓடினா அது அரை வண்டி. அரை வண்டியில வந்து பாத்தா அது அரைப் பார்வை. அரைப் பார்வைக்கு அரை நம்பர்தான் தரலாம். அரை நம்பரை வச்சு நீ என்ன செய்வே?”

“அப்பம் பஸ்ல வாங்க சார். கோயில் வாசல்ல நிக்கும். அங்கன இறங்கி நடந்தா கூப்பிடு தூரந்தான்.”

“நடந்தா?” என்றார் மகாராஜன். அவர் முகத்தைப் பார்க்க டெல்பினுக்கே பாவமாக இருந்தது. எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“சார், ஒரு சந்தேகம். நாலு சக்கரமும் உந்தணும்னு போட்டிருக்கா, ஓடணும்னு போட்டிருக்கா?”

சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். ‘ஒருசேர இயங்கும்’ என்றுதான் இருந்தது.

“வண்டியை நாங்க கயிறு கட்டி இழுத்தா? நாலும் ஒண்ணுபோல உருளும்லா? ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது.”

மகாராஜன் சுற்றறிக்கையை இன்னொரு தரம் எழுத்தெண்ணிப் படித்தார். அவருடைய இருபது வருட சர்வீசில் சட்டத்துக்கு இவ்வளவு பொருத்தமான யோசனையை யாரும் சொன்னதில்லை.

ஜீப் முன்சக்கரத்தில் புன்னைக்காயல் கோயில்வரை வந்தது. ரோட்டுக்குச் சுற்றறிக்கை இல்லை. மணல் தொடங்கிய இடத்தில் வள்ளம் இழுக்கிற வடத்தைக் கட்டினார்கள். ஆண், பெண் என்று ஊரே பிடித்தது. “ஏலேலோ ஐலசா” என்று இழுக்க, மகாராஜன் உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்சவர் மாதிரி ஆடி ஆடிப் போனார். மந்திரமூர்த்தி மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்து வெட்கப்பட்டார். மகாராஜன் இறங்கினார், வள்ளத்தைப் பார்த்தார், “வள்ளம்தான்” என்றார், நம்பர் கொடுத்தார். டெல்பினுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “சேசு மரி சூசை!” என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேலை முடிந்தது என்று நினைத்தால், வடம் பிடித்த ஒருத்தரும் நகரவில்லை.

“என்னம்மா நிக்கிறாங்க?”

“பங்குக்கு சார். எங்க கரையில கயிறு புடிச்சவனுக்குப் பங்கு உண்டு. வள்ளத்தை இழுத்தா வள்ளத்துல வந்த மீனுல பங்கு.”

“இதுல மீனா வந்துது? நான்லா வந்தேன்!”

“உங்ககிட்ட இருக்கிறதுல குடுங்க. பையில பேனா இருக்குல்லா?”

அன்றைக்கு ஜீப் பானட்டில் வைத்து மகாராஜன் போட்ட கையெழுத்துகள் கொஞ்சமல்ல. அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தூங்கிய மனுக்களின் நகல்களெல்லாம் மடியிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் வெளியே வந்தன. ஊரே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. மகாராஜனும்தான். அலுவலகத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷரை ஒரு ஊரே இழுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிக்காது?

இதைப் படம் எடுத்து மந்திரமூர்த்தி தலைமை அலுவலகத்து வாட்ஸ்அப்பில் போட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. ‘மக்கள் பங்கேற்புடன் கூடிய நான்கு சக்கர இயக்கம்’ என்று அதற்குப் பெயர் வைத்து, கடலோரத்து ஜீப்புகள் எல்லாவற்றிலும் ஷாஃப்ட்டைக் கழற்ற உத்தரவு வந்தது. கழற்றும் காண்டிராக்ட் சிவப்பிரகாஷுக்கு. எல்லாம் நல்ல ஷாஃப்ட். இப்படிக் கழற்றிக் குவித்ததில் பழையதை ஒப்பிட்டுப் பார்க்க வசதி உண்டாகி, அத்தாட்சி கிடைத்து, ஒரு ஷாஃப்ட் தூத்துக்குடிக்கே ஒதுக்கப்பட்டது.

மந்திரமூர்த்தி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புன்னைக்காயலுக்கு ஓடினார். நல்ல செய்தியை முதலில் டெல்பினிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை.

டெல்பின் வள்ளத்து நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். நம்பர் போட்ட அதே வள்ளம். அதன் விலாவில் ‘பார்வை வாகனம் இழுப்போர் நலச் சங்கம்’ என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்தது. ஹென்றி தலைவர், டெல்பின் செயலாளர். தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் பேச வேண்டியிருந்ததால் கடலுக்குப் போக நேரம் இல்லை. சீலாக் காலம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஷாஃப்ட்டா? கொண்டுபோயிருங்க அண்ணாச்சி,” என்றாள் டெல்பின். “அதை மாட்டிட்டா வண்டி தானா ஓடிரும். பொறகு எங்க சனத்துக்குப் பங்கு எங்கன இருந்து வரும்?”

“ஏம்மா, நீதானே அன்னைக்கு வண்டி ஓடலன்னு அழுத?”

“அன்னைக்கு நான் பொதுமக்கள்லா.”

மந்திரமூர்த்தி ஷாஃப்ட்டை மணலில் ஊன்றிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டார். அப்போது ரோச் என்கிற சின்னவயசுக்காரன் வந்தான். முந்தின வாரம்தான் புது வள்ளம் வாங்கியிருந்தான்.

“அக்கா, அதிகாரி ஐயா வந்து என் வள்ளத்தைப் பாக்கணும். வண்டியை இழுக்க ஆள் விடுங்க.”

“விடுவோம்ல ரோச்சு. ஆனா மணலு எப்படின்னு மொதல்ல சங்கம் நேர்ல வந்து பாக்கணும்லா?”

“வந்து பாருங்க. இந்தா, கோயிலுக்குப் பின்னாடிதான். நடந்தா கூப்பிடு தூரம்.”

“நடந்தா?” என்றாள் டெல்பின். மேஜையில் இருந்த சங்கத்து முத்திரையை எடுத்து மைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். “சங்கத்துக்கு ஒரு வண்டி கேட்டு எழுதியிருக்கு. நாலு சக்கரமும் ஓடுறது. அது வரட்டும், பாப்போம்.”