குணம்: சாந்தம்

"இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

கணவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மூன்று கட்டில்களும் எழுந்து உட்கார்ந்தன. தலையைத் திறந்து கட்டியை எடுத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. நர்ஸ் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனாள். மனைவி அந்த நோட்டை எட்டிப் பார்க்க முயன்றாள்.

நாள் குறித்துச் செய்யும் மூளை ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். 'வீட்டில் இவர் குணம் எப்படி?' பிற்பாடு ஆள் மாறிவிட்டாரா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மாறாவிட்டால் நான்காம் நாள் வீடு. மாறியிருந்தால் ஸ்கேன், அதிலும் கோளாறென்றால் மறுபடி திறப்பார்கள்.

குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே! மனைவி எழுதியிருந்தாள்: 'சாந்தம். அதிர்ந்து பேசமாட்டார். எப்போதும் சிரித்த முகம்.'

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சிரித்ததற்கு ஒரே சாட்சி கல்யாண போட்டோ. அதுவும் கண் கூசியதால் என்று சொல்பவர்கள் உண்டு.

"என்னங்க, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு? பைத்தியமா எனக்கு?"

"சிரிக்கலைன்னா மறுபடி தலையைத் திறந்துடுவாங்க!"

அவர் முகம் வெளுத்தது. நர்ஸ் திரும்பி வந்தபோது, பல்வலியோடு போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி முப்பத்திரண்டையும் காட்டினார்.

"சூப் அமிர்தம் சிஸ்டர். ரொம்ப நன்றி."

நர்ஸ் ஓரடி பின்வாங்கினாள். "ஐயா... இது என்ன வருஷம்?"

"நீங்க பாத்து எதைச் சொன்னாலும் சரிம்மா."

அவள் ஓடாத குறையாகப் போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

"இன்னும் பணிவா!" என்று மனைவி காதைக் கடித்தாள்.

"கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எந்தக் கை சௌகரியம் டாக்டர்?"

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஸ்கேன். உடனே!"

அடுத்த நிமிஷம் ஸ்ட்ரெச்சர் வந்தது. கணவர் அதில் படுத்தபடி வழியில் போவோர் வருவோருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஸ்கேன் அறைக் கதவு நெருங்க நெருங்க, குடும்ப மானம் காற்றில் பறந்தது.

"நிறுத்துங்க! படிவத்துல நான் எழுதினது பூராவும் பொய்! இவர் பொறந்ததிலேர்ந்தே சிடுமூஞ்சி! சூப்பைத் திட்டினாரே, அதுதான் இவர்!"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிவத்தை யாரும்மா நம்பினாங்க? போன வாரம் ரத்தம் எடுத்தப்போ இவர் போட்ட கூச்சல்ல மூணு மாடியும் கீழ இறங்கி வந்துடுச்சு. சூப்பைத் திட்டினதும் 'அப்பாடா, ஆள் அப்படியே இருக்கார்'னு சிஸ்டர் சந்தோஷமா எழுதிட்டுப் போனாங்க. அப்புறம் திடீர்னு 'நன்றி'ன்னாராமே... அதுக்குத்தாம்மா இந்த ஸ்கேன்!"