சலூன்காரர் செய்த அடைச்ச முட்டை

இனிமேல் இந்த வீட்டில் சமையல் என் பொறுப்பு என்று சலூன்காரர் அறிவித்தபோது, கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. வெந்நீர் வைக்கச் சொன்னால் எதில் வைப்பது என்று கேட்கிற மனுஷர் அவர்.

காரணம் இருந்தது. அவள் வயிற்றில் இருப்பது கட்டி, அறுத்து எடுக்கிற கட்டத்தையும் தாண்டிவிட்டது என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வாய்க்குப் பிடித்ததாக, மெத்தென்று, சத்தாக ஏதாவது கொடுங்கள் என்றும் சொன்னார். சலூன்காரர் ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாதாரண வயித்துப்புண்தானாம், நல்லா சாப்பிட்டா ஆறிடுமாம் என்று மனைவியிடம் ஒரு போடு போட்டார். அவளும் "அப்படியா" என்று நம்பிவிட்டாள். வழுக்கை விழுந்த வாடிக்கையாளரிடமெல்லாம் 'உங்களுக்கு முடி அடர்த்திங்க' என்று சொல்லிப் பழகிய வாய். பொய்க்கா பஞ்சம்?

மெத்தென்று, சத்தாக என்றதும் அவருக்குத் தோன்றியது அடைச்ச முட்டை. விருந்தாளி வந்தால் அவள் செய்வது. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, வெண்ணெயும் மிளகும் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்து, அந்தக் குழியிலேயே திரும்ப அடைக்க வேண்டும். ஊரார் தலையையெல்லாம் மழித்த கைக்கு ஒரு முட்டை எம்மாத்திரம் என்று இறங்கினார்.

முதல் நாள் முட்டை பானைக்குள்ளேயே வெடித்தது. மறுநாள் ஓட்டோடு வெள்ளையும் சேர்ந்து வந்து, குழி குழியாக நின்றது. எந்த வாடிக்கையாளரையும் அவர் அப்படிக் கீறியதில்லை. கடுகு விழுது பட்ட விரலால் கண்ணைத் துடைத்துத் தொலைத்தார். அழுவதற்கு ஒரு சாக்கு கிடைத்ததே என்று கொஞ்சம் கூடுதலாகவே அழுதார்.

அவள் கட்டிலிலிருந்தபடியே பாடம் நடத்தினாள். வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போடுங்க, தண்ணீருக்குள் வைத்தே உரிங்க, கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்டுங்க. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள். மிளகு தூக்கல் என்பாள். மறுநாள் மிளகு சரியாக இருந்தால் வெண்ணெய் போதாது. மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க, நாளைக்குச் சரியா வந்தா நான் சாப்பிடறேன் என்பாள். அவரும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் திரும்ப அடுப்பைப் பற்றவைப்பார்.

பிறகு ஒரு நாள், தட்டை வச்சிட்டுப் போங்க, அப்புறமா சாப்பிடறேன் என்றாள். கடையிலிருந்து வந்து பார்த்தால் தட்டு காலி. அடுத்தடுத்த நாளும் காலி. சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியானங்களில் அவளுக்குத் துணையாக வந்து உட்காருகிற எதிர்வீட்டுத் தையல்காரியிடம் போய், தன் கைப்பக்குவத்தால் நோயே திரும்பி ஓடப்போகிறது என்று அளந்தார்.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"அண்ணே, அதையெல்லாம் எங்க வீட்டுப் பசங்கதான் சாப்பிடுதுங்க. அக்கா எங்கிட்ட குடுத்து விட்டுடறாங்க. அவங்களுக்கு ஒரு வாய்கூட இறங்கறதில்ல."

அப்புறம் எதற்காக அத்தனை குறை சொன்னாள் என்று அவர் கேட்டார்.

"நான் போயிட்டா இவரு பட்டினி கிடப்பாரு, ஒண்ணாவது கத்துக்கட்டும்னாங்க."

"போயிட்டாவா? அவளுக்குத் தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுட்டாங்க அண்ணே. உங்ககிட்ட பதமா சொல்லுங்கன்னு அவர்கிட்ட சொன்னதே அக்காதான்."

சலூன்காரர் வீட்டுக்குப் போகவில்லை. கடைக்குப் போய், வாடிக்கையாளர் உட்காருகிற சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எதிரே கண்ணாடியில் ஒரு முட்டாள் தெரிந்தான். அவனோடு ரொம்ப நேரம் யோசித்ததில் ஒன்று புரிந்தது. பாடம் முடிந்தால்தானே அவள் கிளம்புவாள்? முடியாமல் பார்த்துக்கொண்டால்? சின்னப் பிள்ளை யோசனைதான். ஆனால் பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லை.

மறுநாள் முட்டையை வேண்டுமென்றே பிய்த்து உரித்தார். கரு பச்சை பூக்கிற வரை வேகவிட்டிருந்தார். உப்பைக் கையால் அள்ளிப் போட்டுப் பிசைந்தார். தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இன்னைக்கும் சரியா வரல. எனக்கு இன்னும் நிறைய சொல்லித் தரணும் நீ."

அவள் முட்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு பாதியை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல மெல்ல அவள் கண்ணில் நீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பதறிப்போய், துப்பிடும்மா என்று உள்ளங்கையை நீட்டினார். அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, முழுக்க விழுங்கினாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றாள். "இனிமே உங்களுக்குச் சொல்லித்தர ஒண்ணுமில்ல."