மார்க்கர் பேனா பறிமுதல் விஷயமாக அத்தானுக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை மாலை.

காஜாங்கில் மீசையும் மிடுக்கும் குறையாமல் வாழும் அத்தான், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட் கார்த்திகேசு அவர்களுக்கு, மைத்துனன் பரமேஸ்வரன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் ரமணியும் மகள் ஷாமினியும் முருகன் தயவில் சுகம். அங்கும் சுகமே இருக்க வேண்டும்; ஆனால் போன வாரம் போனில் அக்கா "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று இழுத்த இழுப்பில் எனக்கு ஒரு சந்தேகம். அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கடிதமாக எழுதி, இன்று இரவே காஜாங் போகும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பக் காரணம், இந்த வீட்டில் என் போனின் ரகசிய எண் என்னைத் தவிர எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஷாமினிக்கு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து இன்று பள்ளியில் கடைசி நாள். கடைசி நாளன்று ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஒருத்தி சட்டையில் ஒருத்தி மார்க்கர் பேனாவால் பேர் எழுதிக்கொள்வது இங்கே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு நின்றால் பரவாயில்லை. மாவு வரும், முட்டை வரும். போன வருடத்துப் பிள்ளைகள் கட்டொழுங்கு ஆசிரியை சல்மா டீச்சரின் காரில் கண்ணாடி, கதவு, சக்கரம் ஒன்றுவிடாமல் கலர் கலராக ஒட்டுக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். அந்த அம்மா தன் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு காரைக் காணோம் என்று போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அதனால் இந்த வருடம் சட்டையில் ஒரு புள்ளி மை இருந்தாலும் நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது என்று அறிவிப்பு. ஷாமினி தாதியர் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறாள். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவள் மனுவை யார் பார்ப்பார்கள்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டதும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். ரயில்வே ஸ்டோரை முப்பது வருடம் காத்தவன், ஒரு திருகாணி வெளியே போனதில்லை என்று சொன்னேன். ரோட்டு வேலைக்காரர்கள் போடுவார்களே, அந்த மாதிரி மஞ்சள் அங்கி ஒன்று கொடுத்தார்கள். மார்பில் சங்கத்தின் பேர் போட்டிருக்கும். போட்டதும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது, அத்தான்.

சந்தேகத்தை வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். அடுப்படியில் இரண்டு பாக்கெட் மாவு, ஒரு தட்டு முட்டை இருந்தது. எதற்கு என்று கேட்டால் ரமணி "சமைக்க" என்கிறாள். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ரசத்தையும் சோற்றையும் தவிர வேறு எதுவும் கிடைக்காத வாரம் இது. ஷாமினியின் பென்சில் பெட்டியில் மார்க்கர் இருந்தது, எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் வந்து நின்று, "அப்பா, ஒரே ஒரு சட்டைதான்பா. அஞ்சு வருஷம் ஒண்ணா படிச்சோம். இனிமே யாரு எங்க போவாங்கன்னு தெரியாது" என்றாள். முடியாது என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க" என்கிறாள். வெளியில காட்டிக்கல அத்தான், ரசத்தை நானே ஊத்திக்கிட்டேன். சத்தம் போட்டுச் சண்டை போட்டாக்கூடத் தாங்கிக்கலாம்.

இன்று காலை பள்ளிக் கேட்டில் நின்று ஒரு பையையும் விடவில்லை. மார்க்கர்களை ஒரு மைலோ டின்னில் போட்டேன். ஒரு பிள்ளை கொண்டையில் குச்சி மாதிரி சொருகியிருந்தது, இன்னொன்று நாசி லெமாக் பொட்டலத்தில் நெத்திலிக்குக் கீழே வைத்திருந்தது. எடுத்தேன். யாரும் முறைக்கவில்லை, "தேங்க்யூ அங்கிள்" என்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளை காரணமில்லாமல் தேங்க்யூ சொல்லுமா? பதினோரு மணி வெயிலில் நான் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து, ஷாமினியின் தோழி விஷ்ணுப்ரியா கேண்டீனுக்குக் கூப்பிட்டு, கறிபாப்பும் ஐஸ் போட்ட சிராப்பும் வாங்கி வைத்தாள். மோந்து பார்த்துத்தான் குடித்தேன். அங்கியைக் கழற்றிப் பின்னால் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மைலோ டின்னை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். சல்மா டீச்சருக்கு வாழ்த்து அட்டை எழுத ஒரே ஒரு மார்க்கர் வேண்டும் என்றாள் விஷ்ணுப்ரியா. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றே ஒன்று கொடுத்தேன்.

அப்பத்தான் ஷாமினி வந்து எனக்கு எதிர்ல உட்கார்ந்தா. ஒரு வாரமா பேசாத பிள்ளை, "அப்பா, நீங்க ரயில்வேல மொத நாள் வேலைக்குப் போனப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. நான் கிள்ளானில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய்க் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனது, ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி என்னை லோரியில் சாமான் ஏற்ற வந்தவன் என்று நினைத்தது, எல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, ஐஸ் எல்லாம் கரைந்துவிட்டது. மார்க்கர் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரி. கிளம்பும்போது இரண்டு பிள்ளைகள் அங்கியை விரித்துப் பிடித்து, மந்திரிக்குக் கோட்டு மாட்டுவது போல் எனக்கு மாட்டிவிட்டார்கள். மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் பால் மாதிரி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார்கள், ஆளுக்கு ஒரு சான்றிதழோடு. சல்மா டீச்சர் எனக்குக் கை கொடுத்தார். நான் திரும்பி நடந்ததும் அவருக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனா ஒரு வகுப்பே ஒரு தப்பும் பண்ணலைன்னா, வேற எங்கயோ பெரிய தப்பு நடக்குதுன்னு அர்த்தமில்லையா? வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அது தெரிந்தது. பூக்கடை வள்ளியம்மா பின்னாலேயே ஓடிவந்து, "வயசு என்ன தம்பி வயசு? மனசு வச்சா முடியும்" என்று ஒரு ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டார், காசு வாங்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் அசாருதீன், தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன், நான் குடித்த தே தாரேக்குக் காசு வேண்டாம் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சைக்கிள் கடைச் சீனர் இருபது வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இன்று தோளில் தட்டிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் போன போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். நான் கடந்து போன பிறகுதான் எல்லாரும் கூப்பிட்டு வாழ்த்துகிறார்கள். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கோயில் கமிட்டித் தேர்தல் வருகிறது. எனக்குத் தெரியாமல் யாரோ என் பேரைக் கொடுத்திருக்கிறார்கள். அத்தான், மறைக்காமச் சொல்லுங்க, நீங்கதானே அது?

வீட்டிலும் நிலைமை சரியில்லை. ஷாமினி எனக்குப் பின்னாலேயே நின்று போனில் படம் எடுக்கிறாள், அறைக்குள் போய்ச் சிரிக்கிறாள். ஆகவே நாளைக் காலை முதல் ரயிலில் வந்து எல்லாரையும் விசாரிக்கவும். பழைய யூனிஃபார்ம் இன்னும் பத்தினால் போட்டுக்கொண்டு வரவும். அதுவரை நான் அங்கியைக் கழற்றுவதாக இல்லை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லி, உங்கள் பிரஷர் மாத்திரையை நினைவுபடுத்தச் சொல்லவும். உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மீது மட்டும் (இன்றுவரை) முழு நம்பிக்கை உள்ள
பரமேஸ்வரன்

பி.கு.: அத்தான், யூனிஃபார்ம் வேண்டாம். எல்லாரும் சாப்பிடச் சாத்தே வாங்கிக்கொண்டு சும்மா வாருங்கள். ரமணி பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து என் முதுகைப் பார்த்துவிட்டு, ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் பெரிதாக மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதியிருக்கிறது: "ஐந்தாம் படிவத்தை இன்றுதான் ஒருவழியாக முடித்தேன். வாழ்த்துங்கள்." சுற்றி வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பேரும். ஓரத்தில் ஒரு கையெழுத்து. ஷாமினியின் சான்றிதழோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை, சல்மா டீச்சருடையதுதான். கழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "சட்டையில எழுதக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, அப்பா?" என்று ஷாமினி எழுதியிருக்கிறாள்.

எனக்கு ஒன்றுதான் வலித்தது. என்னைப் பிடித்து உட்கார வைக்கத்தான் ரயில்வே கதை கேட்டாயா என்று கேட்டேன். "மொதல்ல அதுக்குத்தான்பா. அவங்க எழுதி முடிச்சுட்டாங்கன்னு விஷ்ணுப்ரியா சைகை காட்டினா. எனக்குத்தான் எழுந்திரிக்க மனசு வரல" என்றாள். ஷாமினி பேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். மைலோ டின்னிலிருந்து ஒரு மார்க்கர் எடுத்து நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அங்கி சங்கத்துச் சொத்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் தொலைத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். யாராவது போன் பண்ணிக் கேட்டால் நீங்களும் அதையே சொல்லவும். சார்ஜென்ட் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.