பூகம்ப பாயின் பக்கத்து வீட்டுச் சட்டம்

பூகம்பம் எப்போது வந்தாலும் வரட்டும் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக நின்ற மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் காரிமங்கலத்தில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். ‘பூகம்ப பாய்’ என்று கேட்டால் சந்தைக்கு வரும் மாடுகூட வழி காட்டும்.

தொழில், ட்ரங்க் பெட்டி செய்வது. மனைவி காலமாகிவிட்டார். மகளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தெருக்கோடியில் தனியாக இருந்தார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், எங்கோ வடக்கே பூமி அதிர்ந்து வீடுகள் விழுந்ததாக ரேடியோவில் கேட்டார். அன்றிலிருந்து தகரத்தைத் தட்டியது போக மிச்ச நேரமெல்லாம் எங்களைத் தட்டினார்.

நான் அப்போது யூனியன் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமான கையோடு அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் நாளே பாய் வந்துவிட்டார். பால் காய்ச்சியாச்சா என்று கேட்கவில்லை. பரணை அண்ணாந்து பார்த்தார்.

“அந்த அண்டா யாரு வூட்டுச் சீருங்க?”

“என் சம்சாரத்தோட சீரு, பாய்.”

“அதுக்கு அடியில யாரு படுக்கறது?”

“நான்தான்.”

“பூமி ஆடுனா சீரு நேரா உங்க தலையில எறங்கும். மொதல்ல அதைக் கீழ எறக்கி வைங்க.”

இறக்கினோம். தாய்வீட்டுச் சீரைத் தரையில் வைக்கச் சொன்னவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி. வேப்பமரத்தில் ஒரு பெட்டி மூடியைத் தொங்கவிட்டிருந்தார். அவர் அதைத் தட்டினால் எல்லோரும் வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் சந்தை மேட்டில் நிற்க வேண்டும். முதல் பயிற்சியில் தெருவே தலைதெறிக்க ஓடியது. என் பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஏட்டு, மலை மாதிரி ஆள், ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு முனியம்மா ஒரு கையில் கேழ்வரகு மூட்டை, மறு கையில் கோழியோடு வந்து சேர்ந்தாள்.

“முனியம்மா, உன் வூட்டுக்காரரு எங்க?” என்று கேட்டார் பாய்.

“தூங்குது பாய். எளுப்புனா கத்தும்.”

பாய் தலையில் அடித்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு ஒரு சட்டத்தோடு திரும்பி வந்தார்.

“இனிமே மூடி சத்தம் கேட்டா யாரும் அவங்கவங்க வூட்டைப் பாக்கக் கூடாதுங்க. பக்கத்து வூட்டுக்குப் போங்க. சொந்த வூட்டுல பொட்டியத் தேடுவீங்க. அடுத்தவங்க வூட்டுல ஆளத்தான் தேடுவீங்க.”

“பொட்டி செய்யறவரே பொட்டிய வுட்டுட்டு ஓடச் சொல்றாரு. யாவாரம் வெளங்கிடும்” என்றார் ஏட்டு.

யாருக்கு யார் என்று பாயே பிரித்துக்கொடுத்தார். எனக்கு வாய்த்தவர் ஏட்டு. நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன். சற்று நேரத்தில் அவர் என்னை இழுத்துக்கொண்டு போவார். முனியம்மாவின் அடுத்த வீட்டுக்காரி ருக்கம்மா; அவள் கைக்குழந்தை முனியம்மாவின் பொறுப்பு. இருவருக்கும் குழாயடிச் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது.

“அவகூட நான் பேச மாட்டேன் பாய்” என்றாள் முனியம்மா.

“யாரு பேசச் சொன்னது? கொளந்தையத் தூக்கிட்டு ஓடச் சொன்னேன்.”

இப்படியே வருஷங்கள் ஓடின. பூகம்பம் மட்டும் வரவில்லை. “என்ன பாய், பூகம்பம் தொப்பூர் கணவாய்ல மாட்டிக்கிச்சா?” என்று கேலி செய்வோம். “வண்டி லேட்டா வரட்டுமுங்க. நாம ஸ்டாண்டுல நிக்கணுமில்ல” என்பார்.

கடைசியில் வந்தது மழை. வானம் பார்த்த எங்கள் பூமியில் வானம் விடாமல் கொட்டியது. ஒருநாள் முற்பகலில் ஏரிக்கரை உடைந்தது. தெருவில் செந்தண்ணீர் புகுவதை முதலில் பார்த்த ஏட்டு ஓடிப்போய் மூடியைத் தட்டினார். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் மண்சுவர் வீடுகள். ஊறினால் நிற்காது.

ஆனால் யாரும் பதறவில்லை. கால்கள் தாமாகவே பக்கத்து வீட்டுக்குப் போயின. ருக்கம்மா என் மனைவியை இழுத்து வந்தாள். முனியம்மாவின் இடுப்பில் ருக்கம்மாவின் கடைசிக் குழந்தை இருந்தது. சந்தை மேட்டில் ஒரு மூட்டை இல்லை, ஒரு ரேடியோ இல்லை. இருந்ததெல்லாம் ஆட்கள். எனக்கே எங்கள் தெருவைக் கண்டு பெருமையாக இருந்தது.

அப்போது ருக்கம்மா, இத்தனை வருஷம் பேசாதவள், முனியம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: “பாயை யாரு கூட்டியாந்தது?”

எல்லோருக்கும் ஆள் வைத்தவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. மூடியைத் தட்டுவது எப்போதும் அவர்தான் என்பதால் எங்களுக்கும் அது தோன்றியதில்லை.

முனியம்மா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அவள் பின்னால் ஏட்டு, ஏட்டின் பின்னால் நான், என் பின்னால் தெரு. பட்டறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பாய் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பின்சுவர் வயிறு தள்ளி நின்றது.

“கல்யாண ஆர்டருங்க. நனைஞ்சா துரு ஏறிடும். இந்த ஒண்ணு மட்டும்...”

“பாருங்க, சொந்த வூட்டுல நீங்களும் பொட்டியத்தான் தேடறீங்க” என்று சொல்லி, அவரை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டார் ஏட்டு. நாங்கள் வேப்பமரத்தைத் தாண்டும்போது பின்னால் சுவர் தொப்பென்று உட்கார்ந்தது. கூரையும் கூடவே போனது.

மேட்டில் இறக்கிவிட்டதும் பாய் நடுங்கிக்கொண்டே எங்களைத்தான் திட்டினார்.

“ஒருத்தருக்கு ஒருத்தருன்னுதானே சொல்லிக் குடுத்தேன்? தெருவே கெளம்பி வந்தா வழி அடைக்காதா? எனக்குப் போயி எதுக்குங்க இத்தனை பேரு?”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. முனியம்மாதான் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னாள்:

“உங்களுக்கு யாருன்னு நீங்க சொல்லலையே பாய். அதான் எல்லாரும் வந்துட்டோம்.”