தப்பாக வந்த மலர்வளையம்

சியோல் அருங்காட்சியகத்தின் முற்றத்தில், ஹேரின் கட்டிய வெள்ளைத் துணிக் கூடாரத்தின் வாசலில் சாவு வீட்டு மலர்வளையம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு வெள்ளைச் சாமந்தி. கறுப்பு நாடாவில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. அனுப்பியவர் பெயர் இல்லை.

மூன்று மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். வளர்ந்துவரும் கட்டடக் கலைஞர்களுக்கான போட்டி. கோடைக்கு மட்டும் நிற்கும் நிழற்கூடம் ஒன்றைக் கட்ட வேண்டும். நாற்பது வயதுக்குள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஹேரினுக்கு அடுத்த மாதம் நாற்பது. மூன்று முறை தோற்றாயிற்று. இனி ஒரு முறை கிடையாது.

நல்ல காரியத்துக்கும் மலர்வளையம் வைப்பது அங்கே வழக்கம்; வாழ்த்து வளையம் ஒன்று அனுப்புவதாக மாமா சொல்லியிருந்தார். சிவப்பும் மஞ்சளுமாக வந்திருக்க வேண்டியது.

"யார் வெச்சது இதை?" என்று காவலர் பாங்கிடம் கேட்டாள்.

"மேடம், அது வந்து..."

"தெரியும். பூக்கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான். முற்றத்தைப் பாருங்க, மூணு நாளா கூட்டவே இல்லை. இன்னிக்குத்தானா எல்லாம் நடக்கணும்?"

பாங் வாயைத் திறப்பதற்குள் அவள் கடைக்குப் போன் செய்யப் போய்விட்டாள். யாரும் எடுக்கவில்லை.

வாசலில் நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று வளையத்தை உள்ளே இழுத்துப் போட்டாள். நாடா இன்னும் தெரிந்தது. அதை மறைக்கத் தன் படம் போட்ட அறிமுகப் பலகையைக் கொண்டுவந்து முன்னால் சாத்தினாள்.

தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அச்சு அசல் ஒரு துக்க மண்டபம். வெள்ளைத் துணி, வெள்ளைச் சாமந்தி, நடுவில் கறுப்புச் சட்டத்துக்குள் அவளுடைய கறுப்பு வெள்ளைப் படம்.

எடுத்துவிடலாம் என்று குனிந்தாள். பின்னால் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

அருங்காட்சியக உணவகத்தில் தட்டு கழுவும் சுன்னே. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, வளையத்தின் முன் நெற்றி தரையில் பட இரண்டு முறை வணங்கினாள். பிறகு துக்கக்காரரை வணங்குவதுபோல, கறுப்பு உடையில் நின்ற ஹேரினை நோக்கி ஒருமுறை. ஹேரினும் திரும்ப வணங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ம்..."

"பெத்த மககூட இப்படிச் செய்யமாட்டா. உனக்கு நல்ல மனசு."

இங்கே யாரும் சாகவில்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் சுன்னே அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளை எழுப்பி அனுப்பக் கடவுள் ஹேரினுக்குத் தெம்பு கொடுக்கவில்லை. உள்ளே கிடந்த மரப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். கட்டுமான நாட்களில், வெயிலில் நின்ற துப்புரவுப் பெரியவர் மான்சிக்கை உட்காரச் சொன்ன அதே பெஞ்சு. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

அந்த உபசாரம்தான் வினையாயிற்று. சுன்னேயைப் பார்த்து உணவகத்திலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருத்தி பூ வைத்தாள். ஒருத்தி ஒரு கோப்பையில் சோஜு மது ஊற்றி வைத்தாள். "அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வையேன், பொண்ணே, பூவை மறைக்குது" என்றாள் மூன்றாமவள்.

மூன்று மணிக்கு நடுவர்கள் வந்தபோது வாசலில் ஐந்து ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. தலைமை நடுவர் படத்தைப் பார்த்தார். தலை குனிந்தார்.

"அடப் பாவமே. எப்போ ஆச்சு?"

"சார், நான் உயிரோடதான் இருக்கேன்" என்றபடி ஹேரின் மூலையிலிருந்து எழுந்தாள்.

அவர் பின்வாங்கிச் செருப்புகளின் மேல் தடுமாறினார். நிதானம் வந்ததும் குரல் இறுகியது.

"ஜனங்க சிரிச்சுப் பேச ஒரு இடம் கேட்டோம். நீங்க சாவை வெச்சு வேடிக்கை காட்டுறீங்க."

பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு நடந்தார்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஒரு வண்டி வந்து நின்றது. சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு மலர்வளையம் இறங்கியது. 'வெற்றிக்கு வாழ்த்துகள், மாமா.'

ஹேரின் அதைப் பார்த்தாள். உள்ளே இருந்த வெள்ளையைப் பார்த்தாள்.

"அப்போ அது யாருக்கு வந்தது?"

பாங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா வரலை மேடம், நான் வாங்கி வெச்சதுதான், மான்சிக் அண்ணன் போய் மூணு நாளாச்சு, சொந்தம்னு யாரும் இல்லாததால துக்க மண்டபம்கூட கிடைக்கலை, இருபது வருஷத்துல தன்னை உக்காரச் சொன்ன ஒரே இடம் இதுதான்னு சொல்லிட்டே இருந்தாரு."