செவ்வாய் வெள்ளியில் நிற்கும் மோட்டார்

சிங்காநல்லூர்,
யுவ வருஷம், தை 10, வியாழன்

அன்பும் மரியாதையும் மிக்க பல்லடம் மச்சான் பாலுசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை சென்னியம்மாளின் புருஷன் குமாரசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் ராசாத்தாள், மாடு கன்று எல்லாம் சுகம். தாங்கள் ஏழு வருஷம் ஓட்டிவிட்டு எங்களுக்குக் கொடுத்த மோட்டார் கார் மட்டும் சுகமில்லாமல் இருந்தது.

சூலூர் சம்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என்ன சொல்வது? மாப்பிள்ளையின் தாயார் சாமியாத்தாளை ஏற்றிக்கொண்டு போன மூன்று தடவையும் வண்டி நின்றது. முதலில் ஒண்டிப்புதூரில், அடுத்தது சூலூர் குளக்கரையில், மூன்றாவது சந்தைக் கூட்டத்துக்கு நடுவில். அங்கே பருத்தி ஏற்றி வந்த யாரோ ஒருவருடைய மாடுகளைப் பூட்டி இழுத்தோம். சம்பந்தியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "மூணு வாட்டி தடுத்துப்போட்டுச்சுங்க. நாலாவது வாட்டியும் நின்னுச்சுன்னா, சாமிக்கு இஷ்டமில்லைன்னு இதோட உட்டுப்போடலாமுங்க" என்றார். அந்த நாலாவது வாட்டி நாளைக்கு. காங்கயம் பக்கத்தில் அவர்கள் குலதெய்வத்திடம் பூக்கேட்டு, உத்தரவு வாங்கி, முகூர்த்தம் குறிக்க இதே வண்டியில்தான் போகிறோம். ராசாத்தாளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிருக்கிறது, மச்சான். ஒரு வாரமாகச் சோற்றுத் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோகிறாள்.

மெக்கானிக் அப்துல் குத்தூஸ் பார்க்காத பாகம் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைப் பிரித்து மூடினார். எப்போது வந்தாலும் முதல் வேலையாக டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பார்; அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் வண்டி ஓடும். கடைசியாகத் தொட்டதுதான் நோய் என்று நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வருவோம். பாயைக் கண்டால் ஓடுகிறது, சம்பந்தியைக் கண்டால் நிற்கிறது என்று ஊரில் சிரிக்கிறார்கள். நேற்றுக் காலை முழுவதும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வண்டி ஒரு தடவை இருமக்கூட இல்லை.

"ஏனுங்க, எந்தெந்தக் கெழமைங்க நின்னுச்சு?" என்றார்.

"வெள்ளி, செவ்வா, மறுக்கா வெள்ளிங்க."

"அன்னிக்கு மட்டும் வண்டிய என்னங்க பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. கழுவிப்போட்டு, ஊட்டுக்காரி சந்தனப் பொட்டு வெச்சதும் எடுப்போம்."

பாய் இறங்கிப் போய் டாங்க் மூடியைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஊசிக்கண் அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் மாதிரி. "காத்து உள்ள போனாத்தானுங்க பெட்ரோல் கீழ எறங்கும். அம்மணி அதை அடைச்சுப்போடறாங்க. நான் மூடியத் தொறந்தா காஞ்சது உதுந்து ஓடுது" என்றார். சந்தனம் குழைத்து அப்பிப் பார்த்தோம், முக்கால் மைலில் நின்றது. சுரண்டினோம், ஓடியது. ஒரு வண்டி நின்றதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். தங்கள் தங்கையோ ஒவ்வொரு தடவை நின்ற பிறகும் பயந்துபோய் அடுத்த தடவை இரண்டு பங்காக அப்பியிருக்கிறாள். "அப்ப சந்தனந்தான் வண்டிய நிறுத்துச்சுங்கறீங்களா?" என்று கேட்டவள், அதோடு என்னிடம் பேசுவதில்லை.

ஆகவே, ஓட்டை வண்டியைத் தங்கை தலையில் கட்டிவிட்டீர்கள் என்று போன கடிதத்தில் எழுதியதைப் பெரிய மனது செய்து மறந்துவிடவும். ஆபத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்ட வில்வண்டியும் வேண்டாம். சம்பந்தியம்மாளிடம் காரணத்தைச் சொல்லப்போவதில்லை. சந்தனத்தைக் குறை சொன்னால் வண்டி ஓடும், சம்பந்தம் ஓடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் வீட்டில் எல்லோரும், எல்லாமும் தடையில்லாமல் ஓட மருதமலை ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
குமாரசாமி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சம்பந்தியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். இன்று இங்கேயே தங்கி, காலையில் இங்கிருந்தே கிளம்பலாமாம். தடை நீங்கக் கோயிலில் வேண்டி வாங்கிய சந்தனம் ஒரு உருண்டை கொண்டுவந்திருக்கிறார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, "எல்லாத்துக்கும் பொட்டு இருக்குது, இந்த மூடி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று தம் கையாலேயே அப்பி, கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன். இதைப் பல்லடம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வில்வண்டி வேண்டும். விடிந்ததும் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மைலில், ஒண்டிப்புதூர் போகும் வழியில், தற்செயலாக நிற்பது போல நிற்கச் சொல்லுங்கள். ராசாத்தாள் கையில் கொண்டை ஊசியை மறைத்துக்கொண்டு மோட்டாரை ஐந்தாறு தடவை சுற்றி வந்துவிட்டாள். பொண்ணு பிரதட்சிணம் செய்கிறாள், எவ்வளவு பக்தி என்று சொல்லி, சம்பந்தியம்மாள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.