பத்தாவது ஆள்

"இது செல்லாதுங்க" என்று சொல்லி, தேர்தல் அலுவலகக் குமாஸ்தா வேட்புமனுவிலிருந்த பத்தாவது கையெழுத்தை அடித்துவிட்டார்.

முன்மொழிய வார்டுக்காரர்கள் பத்துப் பேர் வேண்டும்; ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம். பத்தாவதாகப் போட்ட டீக்கடைக்காரர் கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போடும் புண்ணியவான். எதிர் வேட்பாளரின் மனுவிலும் அவர்தான் முதல் ஆள். மனுவைக் கொண்டுவந்த சைக்கிள் கடைக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. கவுன்சிலராகித் தெருச் சாக்கடைக்கு மூடி போடாமல் ஓயமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அன்று மூன்று மணியோடு கெடு.

"அடுத்த தெருவுலதான் உங்க அண்ணன் இருக்காரே, அவர்கிட்ட கேட்டா என்ன?" என்றாள், வீடு திரும்பியவரிடம் மனைவி.

"கல்யாணப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பின மனுஷன்கிட்டயா? என்னால முடியாது."

அண்ணன் மகளின் கல்யாணம் முடிந்து ஏழு வருஷம். அந்தக் கோபத்தை மனிதர் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

பால்காரரைப் பிடித்தார். அவரோ பயபக்தியோடு பேனாவை வாங்கி, வேட்பாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் போட்டுத் தொலைத்தார். புது மனு வாங்கி, பழைய ஒன்பது பேரையும் மறுபடி தேட வேண்டியதாயிற்று. ஒருவரிடம் குளியலறைக் கதவிடுக்கில் வாங்கினார். இத்தனை அமளியையும் பார்த்த பால்காரர், நாளைக்கு வழக்கு வம்பு என்று வந்தால் யார் அலைவது என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி இரண்டு. சைக்கிள் கடைக்காரர் ரோஷத்தை மென்று விழுங்கிவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. போனால், பூட்டுத் தொங்கியது.

இப்போது வந்துவிடுவார் என்று படியில் உட்கார்ந்தார். உட்கார உட்கார மனசு என்னவோ செய்தது. தபாலில் வந்தால்தான் என்ன, போயிருக்கலாம். தோளில் தூக்கித் திரிந்த குழந்தையின் கல்யாணம். அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வீம்புக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. கையெழுத்துக் கிடக்கட்டும், அண்ணன் வந்தால் போதும் என்று தோன்றியது.

அண்ணன் வரவில்லை. கெஞ்சியாவது பார்க்கலாம் என்று அலுவலகத்துக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

வாசல் காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சைக்கிள் கடைக்காரர் நீங்கதானா? உங்க அண்ணனாம், ஒரு மணியிலேருந்து இங்கேயே உக்காந்திருந்தாரு. 'தம்பிக்கு ஒரு ஆள் குறையுதாம், செத்தாலும் என்கிட்ட வந்து கேக்கமாட்டான், அதான் நானே வந்துட்டேன்'னு சொன்னாரு. கதவை மூடுற வரைக்கும் எழுந்திருக்கலையே."